எட்டுக் கை அம்மனும் முப்பதாயிரம் புள்ளியும்

சென்னை அலுவலகத்தில் கூட்டம் நடந்தால் புரொஜெக்டருக்கு வயர் செருகுபவன் நான்தான். செருகியதும் படம் தலைகீழாக வரும். இந்த அனுபவத்தை நம்பித்தான் திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊர் அம்மன் கொடைக் கமிட்டி என்னை ‘விவரம் தெரிஞ்ச ஆளு’ என்று கூப்பிட்டு உட்கார வைத்தது.

"பக்கத்து ஊர்க் கொடையில லேசர் விட்டுருக்கான் தம்பி. நமக்கு அதுக்கு ஒருபடி மேல வேணும். எட்டுக் கையோட அம்மன் தெரியணும்" என்றார் தலைவர் அண்ணாச்சி. லேசர்காரர் ஒருவரும் வீடியோ புரொஜெக்டர்காரர் ஒருவரும் ஏற்கெனவே வாடகை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டில் எது நல்லது? பேனா நல்லதா, வெள்ளையடிக்கிற மட்டை நல்லதா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

முதலில் சரித்திரத்தில் இறங்கினேன். 1973-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் வானாய்வகத்தில் ஐவன் டிரையர் என்பவர் ‘லேசரியம்’ என்று டிக்கெட் போட்டு லேசர் காட்சி நடத்தினார் என்றேன். பொருளாளர் மாமா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அங்க தலைக்கட்டு வரி எவ்வளவு மருமவனே?"

சரித்திரத்தை விட்டுவிட்டேன். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதல்லவா, லேசர் அதேதான். பெட்டிக்குள் நகக்கண் அளவில் இரண்டு கண்ணாடி. ஒன்று ஒளியை இடவலமாக அசைக்கும், மற்றது மேலும் கீழுமாக. ஓடுவது ஒரே ஒரு புள்ளி. கோடு என்று நம்புவது நம் கண். நல்ல பெட்டி நொடிக்கு 30,000 புள்ளி போடும். படம் துடிக்காமல் நிற்க நொடிக்கு இருபது தடவையாவது திரும்ப வரைய வேண்டும். ஆக, ஒரு படத்துக்கு 1,500 புள்ளி. அதற்குள் எட்டுக் கை, எட்டு ஆயுதம், கிரீடம், சிங்கம், சிங்கத்தின் பிடரி எல்லாம் அடங்க வேண்டும். மீறினால் அம்மனுக்குக் குளிர்ஜுரம் வந்தது போல உதறும்.

இந்த இடத்தில் அத்தை ஒருத்தி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்போ கையெடுக்காமப் போடுத சிக்குக் கோலம்னா அதுக்கு லேசு, என்ன?" ஆமாம். கோடு விட்டுக் கோடு தாவும்போது ஒளியை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கும் புள்ளிச் செலவு உண்டு. நான் இரண்டு நாள் படித்துப் புரிந்துகொண்டதை அத்தை அரிசிமாவில் கற்றிருந்தாள்.

வீடியோ புரொஜெக்டருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. சிங்கத்தின் மீசை வரைக்கும் காட்டும். ஆனால் அது கறுப்பைக் காட்டாது. கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்து, அம்மனைச் சுற்றி ஒரு பெரிய கட்டம் தெரியும். புரொஜெக்டர்காரர் தருவதாகச் சொன்னது 5,000 லூமன் பெட்டி. பழைய டியூப் லைட் இரண்டைச் சேர்த்தால் அவ்வளவு வெளிச்சம் வந்துவிடும். அதை முப்பதுக்கு இருபது அடித் திரையில் பரப்பினால் சதுர அடிக்கு எட்டு லூமன்தான். எங்கள் கொடையிலோ தெருவெல்லாம் டியூப் லைட், மரமெல்லாம் சீரியல் செட். "லைட்ட அணைச்சா என்ன?" என்றேன். அணைத்தால் செருப்பு காணாமல் போகும் என்றார்கள்.

மூன்றாவதாக ஒருவர் வந்து "எங்ககிட்ட லேசர் புரொஜெக்டரே இருக்கு" என்றார். இரண்டும் ஒரே டப்பாவில்! கமிட்டி எழுந்து நிற்காத குறை. அது வீடியோ புரொஜெக்டர்தான், உள்ளே பல்புக்குப் பதில் லேசர், கோடெல்லாம் போடாது என்று விளக்கியபோது, நானே கொடையை நிறுத்தியதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கடைசியில் லேசர் என்று முடிவானது. சூலம், ஊர்ப் பெயர், அத்தையின் சிக்குக் கோலம். அம்மன் அம்மனாகவே கருவறையில் இருக்கட்டும். ஒளி யார் கண்ணிலும் பாயாமல் தலைக்கு மேலே போக வேண்டும், செல்போன் கேமராவை அதற்கு நேரே காட்டினால் கேமரா அவிந்துவிடும் என்று மைக்கில் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் வேட்டுச் சத்தம்.

கொடை இரவு சூலம் அழகாக வந்தது. சாம்பிராணிப் புகையில் பச்சைக் கதிர் பாய, கூட்டம் குலவையிட்டது. அடுத்து கோலம் வர வேண்டும். ஆபரேட்டர் தம்பி எதையோ மாற்றி அழுத்த, பெட்டியோடு வந்த மாதிரிப் படம் ஓடியது: சுவரெல்லாம் டால்பின்கள், துள்ளித் துள்ளி.

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முன்வரிசை ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மச்சாவதாரம்லா! பெருமாளும் நம்ம கொடைக்கு வந்துட்டாருடே."