புது டிவி வாங்கின பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. அம்பத்தஞ்சு இஞ்சு டிவி வாங்கிட்டேன்னு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பூரா தெரிஞ்சு போச்சு. அட்டைப் பெட்டியை இன்னும் தெருவாசல்லயே சாத்தி வச்சிருக்கியே, தெரியாம இருக்குமா? சந்தோசம். ஆனா அவ்வளவு பெரிய டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணுக்குக் கண்ணு எது, மூக்கு எதுன்னு எனக்குப் பிடிபடல. மழை தூறினா அதுவும் போவுது. கேட்டா, "ஆகாசத்துல கோளாறு தாத்தா, கம்பெனியை மாத்தப் போறேன்"ங்கிற. ஆகாசத்து மேல பழி போடறது சுலபம்தான். அது இறங்கி வந்து பதில் சொல்லவா போவுது?

ஆகாசத்துல ஒரு தடவை நெசமாவே கோளாறு வந்துது, இல்லேங்கல. 2010 ஜூலை 7. இன்சாட் 4பி-ன்னு ஒரு செயற்கைக்கோள். அதுக்கு சூரிய வெளிச்சத்துல கரண்டு எடுக்கிற எடத்துல பழுது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற டிரான்ஸ்பாண்டருல பாதியை நிறுத்தி வைக்க வேண்டியதாப் போச்சு. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் வீடுங்கள்ல படம் போச்சு. பக்கத்துல நின்ன மியாசாட் 3-ஐ பிடிச்சுத்தான் சமாளிச்சாங்க. அது அன்னிக்கு. இப்ப, இன்சாட் 4பி நின்ன அதே 93.5 டிகிரி கிழக்குல, 2015 நவம்பர்ல மேல போன ஜிசாட் 15 நிக்குது. பூமிக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் சிந்தாம சிதறாம வந்த சிக்னலு, உன் வீட்டு மாடிப்படியில வந்து தடுக்கி விழுதுடா. அந்த மாடிப்படியை யாராவது பாத்தீங்களா?

நான் பாத்தேன். டிஷ்ஷுலேருந்து கூடத்துக்கு நேரா வந்தா அறுபது அடி. உன் வயரு அதுக்குள்ள எத்தனை எடத்துல ஒட்டுப் போட்டுக்கினு வருது தெரியுமா? தண்ணித்தொட்டிகிட்ட ஒண்ணு, சன்னல்ல ஒண்ணு, பூசை ரூமு பக்கத்துல ஒண்ணு. நடுவுல ஒரு துண்டு வெள்ளை வயரு, ஒரு துண்டு கறுப்பு வயரு. நம்ம தறியில பாவு இழை அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டுவோம். அந்த முடிச்சு அச்சைத் தாண்டுற வரைக்கும் உசுரைக் கையில பிடிச்சுக்கினு இருப்போம். ஒரு பாவுல முடிச்சு ஜாஸ்தியா இருந்தா சேலையே வேணாம்னு முதலாளி தள்ளிடுவாரு. நீ தறிக்காரன் வீட்டுப் பையன். இந்த வயரை எந்தக் கண்ணால பாத்துக்கினு சும்மா இருந்த?

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. டிஷ் மாட்ட வந்த பையனை உக்கார வச்சுக் கேட்டுக்கினேன். நீ அப்ப போனைப் பாத்துக்கினு இருந்த. டிஷ்ஷுக்கு முன்னாடி கையில நீட்டிக்கினு இருக்குதே, அதுக்குப் பேரு எல்.என்.பி. மேலேருந்து வர்ற சிக்னலு 10.7-லேருந்து 12.75 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஆடுது. அவ்வளவு வேகத்தை வயருல இறக்கினா பாதி வழியிலயே செத்துடும். அதனால அது 950-லேருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைச்சுக் கீழ அனுப்புது. குறைச்ச சிக்னலுக்கும் ஒவ்வொரு ஒட்டுலயும் கொஞ்சம் சேதாரம். ஒட்டுக்குள்ள தண்ணி போய் செம்பு பச்சை பூத்துட்டா, மீதியும் போச்சு. இந்தச் சிக்னலுக்கு மழைன்னாலே ஆவாது. கறுத்த மேகம் கூடினா எவன் வீட்லயும் கொஞ்ச நேரம் படம் நிக்கும். ஆனா தூறலுக்கே நிக்குதுன்னா, கைவசம் இருப்பு இல்லன்னு அர்த்தம். எல்லாத்தையும் வழியிலயே ஒட்டு தின்னுட்டுது.

2019-ல அத்திவரதர் எழுந்தருளினப்ப நடந்ததை மறந்துட்டியா? ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாளு. ஊரு கொள்ளாத சனம். "உங்களால கூட்டத்துல நிக்க முடியாது, வீட்லயே டிவியில சேவிச்சுக்குங்க"ன்னு என்னையும் உங்க ஆயாவையும் உக்கார வச்சுட்டுப் போனீங்க. முந்தின ராத்திரி மழை. ஆயா கையைக் கூப்பிக்கினு உக்காந்திருக்கா, எதிர்ல நீலக் கலர்ல "நோ சிக்னல்". எங்கெங்கேயோ இருந்து வந்தவங்க எல்லாம் பாத்துட்டுப் போனாங்க. கூப்பிடு தூரத்துல இருந்த நாங்க நோ சிக்னலைச் சேவிச்சோம். சன்னல் ஒட்டுல சுத்தின இன்சுலேசன் டேப்பு உரிஞ்சு தொங்கினதுதான் காரணம். அவரு 40 வருசத்துக்கு ஒருக்காதான் வர்றாரு. அடுத்தது 2059. அவசரமே இல்ல, நீ மெதுவா ஒட்டுப் போடு.

இப்ப உன் புது டிவி கதைக்கு வருவோம். பின்னாடி பாத்தேன். மஞ்ச, சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின்னு குத்தி வச்சிருக்க. அந்த மஞ்சப் பின்னு வழியா படம் 576 வரிக்கு மேல வராது. உன் டிவியில 2160 வரி இருக்குதாம், அட்டைப் பெட்டியில நீதான் ஊருக்கே காட்டுற. மீதி வரிக்கெல்லாம் டிவியே குத்துமதிப்பா நிரப்பிக்குது. அதான் அந்தப் பொண்ணுக்கு மூக்கு காணாமப் போச்சு. மூணையும் பிடுங்கிட்டு எச்.டி.எம்.ஐ. வயரு ஒண்ணு போடு. படமும் சத்தமும் அது ஒண்ணுலயே போவும். உன் பழைய செட் டாப் பாக்ஸுல அந்த ஓட்டை இல்லன்னா அது எச்.டி. பாக்ஸே இல்ல, அதைத்தான் மொதல்ல மாத்தணும். மாத்தின கையோட எச்.டி. சேனலுக்கும் துட்டு கட்டணும். இல்லன்னா புதுப் பாக்ஸு பழைய படத்தையே காட்டும். நீ மறுபடியும் ஆகாசத்தைத் திட்டுவ.

மாடி ரூமுல இருக்கிற உன் தம்பிக்கும் டிவி வேணும்னு, கடையில நூறு ரூபாக்குள்ள ஒரு ஸ்ப்ளிட்டரு வாங்கியாந்து வயரைக் கிளை பிரிச்ச பாரு, அது பெரிய சாமர்த்தியம். பாக்ஸு கீழேருந்து வயரு வழியா எல்.என்.பி.-க்குக் கரண்டு அனுப்புது. 13 வோல்ட் அனுப்பினா ஒரு பங்கு சேனலு, 18 அனுப்பினா இன்னொரு பங்கு. நீ கிரிக்கெட்டு பாக்க 18 அனுப்பற. உன் தம்பி பாட்டு கேக்க 13 அனுப்பறான். இருக்கிறது ஒரே எல்.என்.பி., யாரு பேச்சைக் கேக்கும்? பெரிசா அனுப்பினவன் ஜெயிப்பான். மத்தவன் டிவியில நோ சிக்னலு. ஆறு மாசமா அவன் உங்கூடப் பேசறதில்லியே, சொத்துத் தகராறுன்னு தெருவுல சொல்லிக்கினு இருக்காங்க. ரெண்டு வாய் வச்ச எல்.என்.பி. போட்டு ஆளுக்கொரு வயரு இறக்கு, பாகப்பிரிவினை முடிஞ்சுது. ஒரே வயருல பல பாக்ஸை ஓட்டுற எல்.என்.பி.யும் இருக்குது. ஆனா அந்தப் பாசை உன் பாக்ஸுக்குத் தெரியணும், அதைக் கம்பெனிக்காரனைக் கேட்டுட்டு வாங்கு. இதுக்காக மாடியில இன்னொரு டிஷ்ஷு நடாத.

ஏற்கெனவே அங்க என்ன கொஞ்சமாவா இருக்குது? தூர்தர்சன் காலத்து ஆன்டெனா கம்பி ஒண்ணு. கேபிள்காரன் விட்டுட்டுப் போன வயரு. கம்பெனி மாறினப்பல்லாம் கழட்டாம விட்ட டிஷ்ஷு மூணு. ஒண்ணுல ஆயா வத்தல் காயப் போடறா, ஒண்ணுல காக்கா குடியிருக்குது. வேலை செய்யற ஒண்ணுலதான் உன் பொண்டாட்டி துணிக்கொடி கட்டியிருக்கா. ஈரப் புடவை நாலு தொங்கினா டிஷ்ஷு அசையாதா? ரெண்டு மூணு டிகிரி திரும்பினாப் போதும், படம் போச்சு. மொதல்ல கொடியை அவுத்து வேற எங்கியாவது கட்டு. அதுக்குத் துட்டு செலவே இல்ல. கேட்டு வாங்கிக்கிற திட்டு மட்டும்தான்.

இன்னொண்ணு. போன தடவை வந்த ஆளு, "ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் மறைக்குது"ன்னு சொல்லி ஒசரமா ஒரு கம்பத்துக்குத் துட்டு வாங்கிக்கினு போனானே. கிருஷ்ணதேவராயர் 1509-ல கட்டினது, 192 அடி, பெரிய கோபுரம்தான். ஆனா நம்ம ஊருலேருந்து பாத்தா அந்த ஜிசாட் 15 செயற்கைக்கோள் தென்கிழக்குல, ஏறக்குறைய 68 டிகிரி ஒசரத்துல இருக்குது. தலையை நல்லா அண்ணாந்து பாக்கணும். கோபுரம் மறைக்கணும்னா அது நம்ம வீட்டுக்குத் தென்கிழக்குல, எண்பது அடிக்குள்ள நிக்கணும். நிக்குதா? பக்கத்து வீட்டுத் தென்னை மரம் மறைக்குதுன்னாலும் ஒரு நியாயம் இருக்குது. ராயரு எவன் வீட்டு டிவியையும் மறைக்கல.

ஆவ, நீ செய்ய வேண்டியதெல்லாம் கழிக்கிற வேலை. செத்த டிஷ்ஷைக் கழட்டு. ஸ்ப்ளிட்டரைப் பிடுங்கு. மூணு பின்னை எடு. துண்டு வயரு அத்தனையும் உருவிப் போட்டுட்டு, ஆர்.ஜி. 6 வயரு ஒரே நீளமா இறக்கு. ரெண்டு முனையில மட்டும் நல்ல கனெக்டரு, மேல் முனைக்கு மழைத்தண்ணி போகாத மூடி. வீட்டுக்குள்ள நுழையற எடத்துல வயரைக் கொஞ்சம் கீழ தொங்க விட்டு மேல ஏத்து. தண்ணி அங்கேயே சொட்டிடும். இவ்வளவும் செஞ்ச பிறகும் படம் வரலன்னா, அப்பறம் கம்பெனியை மாத்து. யாரு வேணாங்கிறா?

நாளைக்கு ஆளு வரும்போது, "புதுசா என்ன மாடல் இருக்குது"ன்னு வாயைப் பொளக்காத. "வயரு எத்தனை துண்டா இறக்குவ?"ன்னு மட்டும் கேளு. "ஒண்ணு"ன்னு சொன்னா உள்ள கூப்பிட்டு அவனுக்கு டீ போட்டுக் குடு. "ரெண்டோ மூணோ, பாத்துக்கலாம்"னு இழுத்தான்னா அவனை அப்படியே அனுப்பிட்டு அந்த டீயை எங்கிட்டக் கொண்டா. சக்கரை கம்மியா.