பன்விலவில் ஒரு ரக்கூனைப் பாடம் செய்தல்

இறந்த விலங்கொன்றின் தோலை உரித்து, பதப்படுத்தி, அவ்விலங்கின் வடிவத்தில் அமைந்த உட்கூட்டின் மேல் அதனைப் போர்த்தித் தைத்து, உயிரோடு நிற்பதாகப் பார்ப்பவரை ஏய்க்கும் கலைக்கு ஐரோப்பியர், ஒழுங்குபடுத்துதல் என்றும் தோல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து டாக்ஸிடெர்மி என்று பெயரிட்டனர். தமிழில் அதனைப் பாடம் செய்தல் என்பர். முழு உடலையும் மருந்தேற்றிக் காப்பது வேறு, இது வேறு. இங்கே எஞ்சுவது தோலும் மயிரும் நகமும் போன்ற சிலவே, மற்ற யாவும் அகற்றப்பட்டு அவற்றின் இடத்தில் வைக்கோலோ பஞ்சோ நுரைப்பிளாஸ்டிக்கோ அமர்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் நடப்பதற்கும் இதற்கும் ஒரே சொல் வழங்குவதைக் கண்டு ஆசிரியர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை அடைத்து, அசையாமல் நேராக நிற்கவைப்பது என்ற அளவில்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன.

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மேலேறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்துத் தேயிலை ஊர்களுள் ஒன்றான பன்விலவில், ஓர் இல்லத்தின் முன்னறைக்குப் பாடம் செய்த ரக்கூன் ஒன்றைத் தேர்வதும் பேணுவதும் எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். அவ்வில்லம் இக்கட்டுரையாளருடையது என்பதும், யோசனை அவருடையது அன்று என்பதும் முதலிலேயே பதியப்பட வேண்டியவை. யோசனை கனடாவிலிருந்து வந்தது. டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய சின்னம்மா மகன் ஒருவர், தம் வீட்டுக் குப்பைத்தொட்டியை இரவில் திறந்து இரையெடுக்கும் ரக்கூனின் படங்களைத் தொலைபேசியில் தொடர்ந்து அனுப்பிவந்ததன் முடிவில், விடுமுறைக்கு வரும்போது பாடம் செய்த ரக்கூன் ஒன்றைக் கொண்டுவந்து தருவதாக வாக்களித்தார். சாக்லேட் கேட்ட இடத்தில் இத்தகைய வாக்குக் கிடைத்தால், பெறுபவர் ஆராய்ச்சியாளராக மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரக்கூன் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, பூனையைவிடப் பருத்த, கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் வளையங்களும் உடைய இரவாடி விலங்கு. முன்னங்கால் விரல்களால் நீருக்குள் இரையைத் துழாவி எடுக்கும் பழக்கம் பார்ப்பவர்க்குக் கை கழுவுவது போலத் தோன்றியதால், அதன் அறிவியற்பெயரில் கழுவுபவர் என்று பொருள்படும் லத்தீன் சொல் ஏறிற்று. சாப்பிடுமுன் கை கழுவுவதும் சாப்பிடும் இடமாகக் குப்பைத்தொட்டியைத் தேர்வதும் ஒரே உயிரிடம் ஒருங்கே காணப்படுவது அரிது. டொரொன்டோ மாநகரம் 2016இல் பூட்டுப்பிடி வைத்த புதிய தொட்டிகளை வீடுகளுக்கு வழங்கத் தொடங்கியபின்னும் சில ரக்கூன்கள் அவற்றைத் திறந்து காட்டின. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் அந்நகரின் யங் தெருவில் செத்துக் கிடந்த ஒரு ரக்கூனை அப்புறப்படுத்த ஆள் வரப் பல மணி நேரம் தாமதமாகவே, வழிப்போக்கர்கள் அதற்குக் கொன்ராட் என்று பெயரிட்டு, பூவும் மெழுகுதிரியும் சட்டமிட்ட படமும் வைத்து அஞ்சலி செலுத்தினர். தினந்தோறும் தங்கள் தொட்டியைக் கவிழ்த்த விலங்குக்கே அவ்வூரார் அழுதார்கள் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பன்விலவுக்கோ ரக்கூனோடு எந்த உறவும் இல்லை. ஆயினும் சுவரில் விலங்கை மாட்டும் பழக்கம் இம்மலைகளுக்குப் புதிதன்று. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் துரைமார் பங்களாக்களின் சுவரில் மரையின் தலை, அதாவது கிளைத்த கொம்புடைய பெரிய மானின் தலை, தொங்கியதுண்டு. இந்தியாவில் இத்தொழிலை மைசூரின் வான் இங்கன் குடும்பத்தார் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நடத்தி, புலியும் சிறுத்தையுமாக நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட தோல்களுக்கு மீண்டும் உருக்கொடுத்து, 1999இல் கடையை மூடினர். சுவரில் தொங்கிய தலை, அதைச் சுட்டவர் யார் என்பதை வருபவருக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகையாகவே பயன்பட்டது. காட்டை வெட்டியவர்கள் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் தொழிலாளர், காட்டில் இருந்ததைச் சுட்டவர் துரை, அந்த வேலைப்பிரிவில் தலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் குழப்பமே எழவில்லை. இன்றைய மலையக இல்லத்தில் அச்சுவரின் இடத்தைக் கண்ணாடி அலுமாரி பிடித்திருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த தேநீர்க்கோப்பைகள், பிள்ளைகளின் விளையாட்டுப்போட்டிக் கிண்ணங்கள், பிளாஸ்டிக் பொம்மைக்கென வாங்கி ஒருபோதும் உடுத்தப்படாத சேலை ஆகியன ஏற்கெனவே இடம்பிடித்த நடுத்தட்டில் ஒரு ரக்கூன் நுழைவதென்றால் யாராவது வெளியேறியாக வேண்டும்.

தேர்வு முறையைப் பொறுத்தவரை, பாடம் செய்த உருவொன்றின் தரம் முதலில் காதில் தெரியும். காதின் உட்குருத்தெலும்பை அகற்றி, வேறொன்றை உள்ளே செருகாமல் விட்டால் தோல் காயும்போது காது அப்பளம்போலச் சுருளும். அடுத்தது கண். கண்ணாடி விழி எத்துணை விலையுயர்ந்ததாக இருந்தாலும், அதைச் சூழும் இமையைக் களிமண்ணால் சரியாக ஒதுக்கித் தராவிட்டால் விலங்குக்குத் திகைப்பின் நிரந்தரப் பாவனை ஒன்று வந்துவிடுகிறது. அதன்பின் தையல், வயிற்றுப்புறத் தையல் மயிருக்குள் மறைந்திருக்க வேண்டும், சாக்குப்பை வாயைப்போலத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. மயிரை மெல்ல இழுத்துப் பார்த்தல் வேண்டும். கொத்தாகக் கையோடு வந்தால், தோலை உரித்தவர் உப்பிடத் தாமதித்தார் என்றும், அவ்விடைவெளியில் நுண்ணுயிர்கள் மயிர்க்காலைத் தின்றுவிட்டன என்றும் பொருள். கடைக்காரர் முன்னிலையில் இச்சோதனையைச் செய்வதற்குத் தனித் துணிச்சல் தேவை.

கடல்கடந்து வருவதைவிட ஊரிலுள்ள விலங்கொன்றைப் பாடம் செய்தால் என்ன என்ற வினா இங்கு இயல்பாகவே எழும். தோற்றத்திலும் இராத்திரி நடமாட்டத்திலும் ரக்கூனுக்கு அண்மையானது மரநாய். மரநாய்களுள் இலங்கைக்கே உரிய பொன்னிற வகையும் உண்டு. மரநாய்க்குக் கோப்பிப் பழத்தில் உள்ள பிரியம் உலகறிந்தது. கூரைக்கு மேல் அது நடத்தும் நள்ளிரவு ஓட்டப்பந்தயமோ பன்விலவாசிகள் மட்டும் அறிந்தது. எனினும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், அவற்றை நடைமுறைப்படுத்தும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் இருக்கையில், காட்டு விலங்கொன்றின் தோலை முன்னறையில் வைத்துக்கொண்டு விருந்தினரை வரவேற்பவர், அவ்விருந்தினருள் திணைக்கள அதிகாரி ஒருவரும் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. ஆகவே மரநாய் கூரைமேலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இனிப் பாடம் செய்யும் முறை. உரித்த தோலின் உட்புறத்திலுள்ள கொழுப்பையும் சதையையும் ஒட்டச் சுரண்டி, உப்பைப் பரப்பி நீர் வடியவிட்டு, பின்னர் படிக்காரம் போன்றவற்றால் பதனிட்டு, ஈரப்பதத்தோடு இருக்கையிலேயே உட்கூட்டின் மேல் ஏற்றி, ஊசிகளால் நிலைநிறுத்தி வாரக்கணக்கில் காயவிட்டு, இறுதியில் வெளிறிப்போன மூக்குக்கு வண்ணம் தீட்டுவது வழக்கமான வரிசை. உப்பும் படிக்காரமும் எந்தக் கடையிலும் கிடைப்பவை. பூச்சி அண்டாதிருக்க இடும் வெண்காரத்தைத் தட்டாரிடம் கேட்டு வாங்கலாம். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர், பாஷாணம் கலந்த சவர்க்காரத்தைத் தோலில் பூசும் முறையைக் கண்டறிந்து பூச்சிகளை வென்றார். அருங்காட்சியகங்கள் அதனை 20ஆம் நூற்றாண்டிலும் விடவில்லை என்பதால், பழைய உருவங்களைக் கையுறையின்றித் தொடலாகாது என்பது இன்று விதி. தொட்டால் சாகக்கூடிய பொருளைச் சாகாததுபோல் நிற்கவைத்தது அக்காலத்தின் சாதனை.

இம்முறைகள் அனைத்தும் குளிர்ந்து உலர்ந்த நாட்டாருக்கு உரியவை. பன்விலவில் மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கட்டிலுக்கடியில் ஒரு கிழமை விட்டுவைத்தால் அதன்மேல் பூஞ்சணம் படர்ந்து, வாங்கிய காலத்தில் இல்லாத மென்மயிர் அதற்கு முளைத்திருக்கும். சப்பாத்துக்கே மயிர் முளைக்கும் ஊரில் ரக்கூனின் மயிர் உதிர்ந்தாலும் கவலையில்லை என்று வாதிடலாம், நிறம்தான் பச்சையாக இருக்கும். பூஞ்சணம் ஓய்ந்த மாதங்களில் அந்துப்பூச்சி வரும்; அதற்கு இளைப்பு வந்தால் தோல்வண்டு வரும். காய்ந்த தோலையும் சதையையும் எலும்பு மிஞ்சுமளவுக்குத் தின்று தீர்க்கும் அவ்வண்டினை, எலும்புக்கூடுகளைத் துப்புரவாக்குவதற்கென்றே சில அருங்காட்சியகங்கள் வளர்க்கின்றன. இல்லத்தில் யாரும் வளர்க்காமலேயே அது வந்துசேரும் என்பதே வேறுபாடு.

காலநிலையை வென்றாலும் மாமியாரை வெல்வது எளிதன்று. செத்த உயிர் வீட்டுக்குள் இருக்கும்வரை தீட்டு என்பதும், கருமாதி முடிந்தபின் அது நீங்கும் என்பதும் அவர் அறிந்த முறை. புதைக்கவும் எரிக்கவும் இல்லாமல் நடுத்தட்டில் நின்றுகொண்டிருக்கும் ஒன்றுக்கு 16ஆம் நாளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று அவர் கேட்ட கேள்விக்கு ஸ்கார்பரோவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

பாடம் செய்யும் தொழில் தோல்வியுற்ற இடங்களைப் பார்த்தால் காரணம் ஒன்றாகவே இருப்பது தெரியும். 1731இல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் சுவீடன் மன்னருக்கு அனுப்பிய சிங்கம் இறந்தபின், தோலும் எலும்பும் மட்டும் கையில் கிடைத்த ஒருவர் அதற்கு உருக்கொடுத்தார். அவர் சிங்கத்தைக் கண்டிருக்கமாட்டார் என்று நம்ப இடமளிக்கும் வகையில், அருகருகே ஒட்டிய கண்களோடும் தொங்கும் நாக்கோடும் அது கிரிப்ஸ்ஹோல்ம் மாளிகையில் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறது. 1886இல் லண்டனில் நடந்த குடியேற்ற நாட்டுக் கண்காட்சிக்குக் கனடாவின் ஹட்சன் விரிகுடாவிலிருந்து வந்த வால்ரஸ், அதாவது தந்தம் கொண்ட பெருங்கடற்பசு போன்ற பனிக்கடல் விலங்கு, மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் தோலுடையது என்பதை அறியாதவரின் கையில் அகப்பட்டு, கடைசி மடிப்பும் மறையும்வரை அடைக்கப்பட்டு, பலூன்போல் ஊதி, ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் அமர்ந்திருக்கிறது. விலங்கோடு பழகாதவர் தோலை நிரப்பினால் இதுவே நேரும்.

பழகியவர் செய்தால் நிலைமை வேறு. கன்று செத்தபின் பால் சுரக்க மறுக்கும் பசுவின் முன், அக்கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து நிறுத்தும் தோற்கன்று நம் மாட்டுக்காரர்களின் பழைய வேலைப்பாடு. அதற்குக் கண்ணாடி விழியில்லை, தையலும் கோணல், ஆயினும் பசு நக்கிக்கொடுத்துச் சுரந்துவிடும். உலகில் இத்தொழிலுக்குக் கிடைத்த மிகக் கடுமையான நடுவர் அந்தப் பசுவே. அவ்வளவு நெருக்கத்தில் நின்று தீர்ப்பளிக்க எந்தக் கண்காட்சிக்கும் யாரும் வருவதில்லை.

கண்டியில் இதற்கு நிகரான சான்று ராஜா என்னும் கொம்பன். ஏறாவூர்ப் பக்கத்துக் காட்டில் பிடிபட்டு, 1937இல் புத்தரின் பல் போற்றப்படும் தலதா மாளிகைக்கு அளிக்கப்பட்டு, எசல பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமந்து விரித்த வெள்ளைத் துணிமேல் பல்லாண்டு நடந்த அந்த யானை 1986இல் தேசிய பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டு, 1988 ஜூலை 16ஆம் திகதி இறந்தது. அதன் உடல் பாடம் செய்யப்பட்டபோது, காது எவ்வளவு விரியும், நெற்றி எங்கே மேடிடும், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கும் என்பதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்கள் ஒரு நகரம் முழுக்க இருந்தன. பிழை நேர்ந்திருந்தால் தெருவோரத்தில் பாய் விரித்து இடம்பிடித்த பாட்டிமாரே சொல்லியிருப்பார்கள்.

இக்காரணங்களால் ஸ்கார்பரோ உறவினருக்கு, ரக்கூனைத் தொட்டியோடேயே விட்டுவிட்டு, வழக்கம்போல் சாக்லேட் கொண்டுவருமாறு எழுதப்பட்டுள்ளது. பாடம் செய்த உருவம் பார்த்தே தீர வேண்டும் என்போர் பன்விலவிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறலாம். ராஜா, தலதா மாளிகை வளாகத்திலேயே அதற்கென அமைந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது.