குசினிப் பிளக் இடவியல்: வடசிலாங்கூர்த் தோட்டப்புறத்தை முன்வைத்து

குசினிச் சுவரில் பிளக் பாயிண்ட் எங்கே அமைய வேண்டும் என்பதில் இரு மரபுகள் உண்டு. அமெரிக்க மரபு அடிக்கோலை நம்புகிறது. கோல சிலாங்கூர் மரபு ஒயரை நம்புகிறது.

1897 முதல் வெளிவரும் அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பின்படி, சமையல் மேடையை ஒட்டிய சுவரில் எந்த இடமும் பிளக் பாயிண்டிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. இரண்டடி ஒயர் கொண்ட சாதனத்தை மேடையில் எங்கே வைத்தாலும் எட்ட வேண்டும் என்பதே கணக்கு. 12 அங்குல அகலத் துண்டு மேடைக்கும் தனிப் பாயிண்ட் உண்டு. உயரம் மேடைக்கு மேல் 20 அங்குலத்தைத் தாண்டலாகாது. அறை நடுவே நிற்கும் மேடையின் பக்கவாட்டில் பாயிண்ட் வைப்பதை 2023 பதிப்பு தடுத்துவிட்டது. தொங்கும் ஒயரைக் குழந்தை இழுத்தால் கொதிக்கும் சட்டி மேலே கவிழும். மறுக்க முடியாத நியாயம்தான். ஆனால் மேடை என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டே இவ்விதி முழுவதும் பேசுகிறது. புக்கிட் ரோத்தான், ராஜா மூசா பக்கத்துப் பழைய தோட்டத் தொழிலாளர் லயங்களில் குசினி என்பது வீட்டின் பின்புறம், ஒரு சிமெண்டு அடுப்புத் திட்டு, தரையில் ஓர் அம்மி. 24 அங்குலத்தை எங்கிருந்து அளப்பது என்பது இத்துறையின் முதல் தீராத சிக்கல்.

பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917இல், மலாயாவில் முதன்முறையாக, செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. ஆய்வேட்டில் இப்படியொரு வரி இருப்பது வழக்கம். இங்கே அதற்குக் காரணமும் உண்டு. செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் எரித்து நீராவியில் தமக்கான மின்சாரத்தைத் தாமே எடுப்பவை; ஆலையுள்ள தோட்டங்களில் லயத்துக்கும் அதிலிருந்து வெளிச்சம் போனதுண்டு. ரப்பர்த் தோட்டங்களில் டீசல் எஞ்சின் மாலையில் ஓடி இரவில் நின்றது. எப்படி வந்தாலும் மின்சாரம் விளக்குக்காகவே வந்தது. குசினிக்குக் கிடைத்தது ஒரு பல்பு. பிளக் பாயிண்ட் பின்னால் ரேடியோவுக்கும் டிவிக்கும் என முன்னறையில், பெரும்பாலும் சாமி மேடைக்குப் பக்கத்தில் முளைத்தது. ரைஸ் குக்கர் வந்தபோது முருகனுக்குக் கீழே சோறு வெந்ததன் வரலாற்றுப் பின்னணி இதுவே.

பிளக் பாயிண்டில் உள்ள துளைகளின் வடிவம் 1947இல் பிரிட்டன் வகுத்த தரத்தின் வழி வந்தது. மலேசியாவில் அது எம்எஸ் 589 என்ற தரம். மூன்று முனைகளில் எர்த் முனையே நீளமானது. அது முதலில் நுழைந்து உள்ளிருக்கும் தடுப்பைத் திறந்தால்தான் மற்ற இரண்டுக்கும் வழி. ஊசி போன்றவற்றைக் குழந்தைகள் குத்தாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. இரண்டு முனைப் பிளக்கை வைத்திருப்பவர் மேல் துளையில் பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ செருகித் தடுப்பைத் திறந்துகொள்கிறார். செவ்வகத் துளைக்குள் உருண்டை முனை ஆடுகிறது, பொறி பறக்கிறது. பேனா மூடி மட்டும் வேலை முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிறது, அடுத்தவருக்கு உதவியாக.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளில் 36ஆம் விதிக்குத் தனி உரைநூலே எழுதலாம். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலும், தரை ஈரமாக வாய்ப்புள்ள இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கசிவிலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கிறது அது. வியாழக்கிழமை மாலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் குசினி எந்த வகை? எழுத்துப்படி பார்த்தால் ஈரத் தரை. வீட்டுக்காரம்மா பார்வையில், கழுவி முடித்தால் காய்ந்த தரை. மூடி தெறிக்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துச் சட்னி அரைக்கும் பிளண்டர் கைக்கருவியா மேசைக் கருவியா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

எக்ஸ்டென்ஷன் ஒயரே கோல சிலாங்கூர் மரபின் மையம். 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3000 வாட் தரும். 2200 வாட் கெத்தல், 700 வாட் ரைஸ் குக்கர், 500 வாட் பிளண்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷனில் காலை ஐந்தரைக்கு ஓடினால் 3400 வாட், கிட்டத்தட்ட 15 ஆம்பியர். பிளக்கினுள் இருக்கும் பியூஸ் போய்விடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். 13 ஆம்பியர் பியூஸ் 20 ஆம்பியரைக்கூடச் சிறிது நேரம் தாங்கும். சூடேறுவது ஒயர். சுருட்டிக் கட்டி வைத்த ஒயர் இன்னும் வேகமாகச் சூடேறும். வெள்ளைப் பிளக்கின் ஓரம் பழுப்பாகி, மீன் வாடை அடித்தால் அது கருவாடு அல்ல. கழற்ற வேண்டிய நேரம்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் தாமான் வீடுகளில் பாயிண்டுகள் சுவரோடு வந்தன. ஒன்றை ஐஸ் பெட்டி மறைத்துக்கொண்டது. மற்றது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகில், தெறிக்கும் தூரத்தில். புதிதாக ஒன்று வைக்கச் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும். வயரிங் முடித்துச் சோதித்து அவர் கையெழுத்திடும் பாரங்களுக்கு ஜி, எச் என்று பெயர். நடைமுறையில் முதலில் அழைக்கப்படுபவர் பக்கத்து வீட்டுத் தம்பி. அவர் டெஸ்டரோடு வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், பிறகு கடைக்குப் போய் இன்னொரு எக்ஸ்டென்ஷன் வாங்கி வருகிறார்.