இமையைத் தூக்கிப் பாருங்கள்!

கேமரன் மலை வாசகர்களின் கண் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கண்கட்டி வந்தாலே, "யாரை ஒளிந்திருந்து பார்த்தாய்?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். மலாய்க்கார நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?
– வாசகர், ரிங்லெட்

பதில்: உண்மையாக இருந்தால் எட்டிப் பார்த்தே பிழைக்கும் பத்திரிகைக்காரர்கள் ஒருவருக்கும் இமை திறக்காது! கண்கட்டிக்குக் காரணம் கிருமி. இமை ஓரத்துச் சுரப்பிக்குள் அது புகுந்தால் சிவந்து வீங்கி வலிக்கும். கொழுந்து பறித்த கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். மலாயில் கெதும்பிட் என்கிற இந்தக் கண்கட்டி வராமல் இருக்க அதுதான் வழி.

கேள்வி: நாமக்கட்டி உரசிப் பூசலாமா? தாய்ப்பால் விடலாமா?
– வாசகி, ஹாபு

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. நாமக்கட்டி காய்ந்து உதிர்ந்தால் தூள் கண்ணுக்குள்தான் விழும். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்குப் போகட்டும். சுத்தமான துணியைக் கை பொறுக்கும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளுக்கு நான்கு தடவை செய்யலாம். பிதுக்கவே கூடாது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் வற்றத் தொடங்கும். வலி போன பிறகும் பட்டாணி மாதிரி கெட்டியாக நின்றால், சுரப்பி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் சில வாரம் ஒத்தடம் கொடுத்துப் பார்த்து, கரையாவிட்டால் டாக்டர் கீறி எடுப்பார்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. மேல் இமையில் அதே இடத்தில் மூன்றாவது தடவையாகக் கட்டி வந்திருக்கிறது. இரண்டு தடவை கீறி எடுத்தாயிற்று. "வலியே இல்லையே, இதற்குப் போய் ஈப்போ வரைக்குமா?" என்கிறார்.
– வாசகி, தானா ராத்தா

பதில்: வலி இல்லாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வெந்நீரும் களிம்பும் பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். அம்மாவை இந்த வாரமே காட்டுங்கள்.

வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, கண்கட்டி வேடம் போட்ட புற்றுநோயாகவும் இருக்கலாம். செபேஷியஸ் கார்சினோமா என்பார்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் பிறக்கும் புற்று அது. மேல் இமையில் இந்தச் சுரப்பிகள் அதிகம், அதனால் அங்கேதான் அதிகம் வரும். மேற்கு நாடுகளில் இது அபூர்வம். இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இமையில் வரும் புற்றுகளில் இதன் பங்கு பெரியது. ஆகவே நம்மவர்கள் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும்.

அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் இமை முடி கொட்டியிருக்கிறதா? இமை ஓரம் தடித்து மஞ்சள் பூத்திருக்கிறதா? அந்த ஒரு கண் மட்டும் எந்த மருந்துக்கும் அடங்காமல் சிவந்தே கிடக்கிறதா? எதுவுமே இல்லாவிட்டாலும், மூன்றாவது தடவை என்ற ஒன்றே போதும். முன்பு கீறி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று அந்த கிளினிக்கில் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் இந்தத் தடவை கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஊர் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் காட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் கண்ணும் தப்பும், உயிரும் தப்பும். விட்டுவிட்டால் காதோரம், கழுத்து என்று நெறி கட்டிப் பரவும். மகள் நீங்கள் கொஞ்சம் பிடிவாதம் பிடியுங்கள்!

கேள்வி: போன மாதம் என் ஆறு வயது மகனுக்குச் சளியோடு ஒரு கண் வீங்கிக் காய்ச்சலும் அடித்தது. பூச்சிக்கடி என்று மாமியார் சொன்னார். நான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்னும் கேலி செய்கிறார்கள்.
– வாசகி, பிரிஞ்சாங்

பதில்: நீங்கள் ஓடியதுதான் சரி. மூக்கின் பக்கத்துச் சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம்போல் மெல்லிய எலும்பு. சளி பழுத்தால் கிருமி அதைத் தாண்டிவிடும். வீக்கம் இமையோடு நின்றால் மருந்தில் அடங்கும். கண்ணுக்குப் பின்னால் போனால் பார்வை போகலாம், மூளைக்கும் ஏறலாம்.

வீங்கிய இமை உள்ளே நடப்பதை மறைத்துவிடும். அதனால் கையைக் கழுவிவிட்டு, இமையை மெதுவாகத் தூக்கி, உங்கள் விரலைக் கண்ணால் தொடரச் சொல்லுங்கள். நல்ல கண்ணை மூடிவிட்டு, "இது எத்தனை விரல்?" என்று கேளுங்கள். கண் அசையவில்லை, அசைத்தால் வலி, முழி முன்னே தள்ளியிருக்கிறது, மங்கல், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, குழந்தை சோர்ந்து சுருண்டு கிடக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இமையைத் தூக்கவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான்.

கேள்வி: காலையில் மகளுக்கு இரண்டு கண்ணும் உப்பியிருக்கிறது. சாயங்காலம் வடிந்துவிடுகிறது.
– வாசகர், ரிங்லெட்

பதில்: கண்ணை விடுங்கள், சிறுநீரைப் பாருங்கள். நுரை நுரையாகப் போனால் சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் வங்காளதேசத் தம்பி ஒருவருக்குப் பூச்சிமருந்து கண்ணில் தெறித்து இமை வீங்கிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பிரிஞ்சாங்

பதில்: தண்ணீர்! டாக்டர், லாரி, முதலாளி எல்லாம் பிறகு. இமையை விரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். பிறகு மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் பெர்க்கேசோ வேலைவிபத்துக் காப்புறுதி உண்டு. அவருக்கு மொழி தெரியாவிட்டால் நீங்கள் கூடப் போய் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி ஐயா, மலை இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போய்விடுமே?
– வாசகர், ஹாபு

பதில்: போகாது. டாக்டர் எம்.சி. கொடுத்தால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். எம்.சி.யைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.