கடல் நடுவே காலிக் குடம்

இந்த வாரம் பசிபிக் தீவுகளின் மழை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். தங்கம் விலை கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

சுற்றிலும் கடல் இருக்க, தீவுக்காரர்களுக்கு மழையைப் பற்றி என்ன கவலை? (மதுரை)

கடல் தண்ணீரில் ரசம் வைத்துப் பாருங்கள், புரியும். துவாலுவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. நாட்டின் மிக உயரமான இடமே ஐந்து மீட்டருக்குள்தான். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால்தான் குடிநீர். 2011-இல் மாதக்கணக்கில் மழை ஏமாற்றியதும் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் நியூசிலாந்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கின.

கிணறு வெட்ட வேண்டியதுதானே? (தேனி)

பவளத் தீவுகளில் வெட்டித்தான் பார்க்கிறார்கள். மண்ணில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் நாற்பது அடி இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. ஆசைப்பட்டு மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். மீஞ்சூர்ப் பக்கம் விசாரியுங்கள், விவரமாகச் சொல்வார்கள்.

எல் நினோ வந்தால் மழை கூடுமா, குறையுமா? ஒரே வரியில் சொல்லவும். (நாகர்கோவில்)

யார் வீட்டுக் கூரை என்பதைப் பொறுத்தது.

ஒரு வரி முடிந்தது, மிச்சம் இலவசம். சாதாரண ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியா, பப்புவா நியூ கினி பக்கம் ஒதுக்கி வைக்கிறது. மேகங்களும் அங்கேயே டேரா போடும். எல் நினோவில் அந்தக் காற்று சோர்ந்துபோகிறது. சூடான நீர் கிழக்கே நகர, மழையும் பின்னாலேயே மூட்டை கட்டுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கிரிபாட்டி, நவுரு, துவாலுவில் கொட்டும். தெற்கே ஃபிஜி, டோங்கா, வனுவாட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். லா நினாவில் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். மேலே சொன்ன துவாலு வறட்சி லா நினாவின் கைங்கர்யம்தான்.

இதை மனப்பாடம் செய்துகொண்டு பலாவுக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். பலாவு, மார்ஷல் தீவுகள் போன்ற வடமேற்குத் தீவுகளுக்கு எல் நினோ முற்றி ஓயும் மாதங்களில்தான் பலத்த அடி. 2016 தொடக்கத்தில் இரண்டுமே நெருக்கடி நிலை அறிவித்தன. பலாவில் ஒரு ஏரி முழுக்க மிதந்த பொன்னிறச் சொறிமீன்கள் அந்த ஆண்டு ஏறக்குறையக் காணாமலே போயின.

ஒரே தீவில் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயிலாமே! என்ன ஓரவஞ்சனை? (உடுமலைப்பேட்டை)

உடுமலையில் உட்கார்ந்துகொண்டா இந்தக் கேள்வி! வால்பாறை இருக்கும் திசையில் அண்ணாந்து பாருங்கள், பதில் தெரியும்: காற்றை மறிக்கும் மலை, மழையைத் தன் முன்பக்கமே வாங்கிக்கொள்கிறது. ஹவாயின் கவாயி தீவில் வையாலேயாலே மலையின் உச்சியில் ஆண்டுச் சராசரி 9,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஃபிஜியில் தென்கிழக்குக் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும் சுவாவில் சுமார் 3,000. மலைக்குப் பின்னால் இருக்கும் நாடியில் 2,000-ஐக்கூடத் தொடுவதில்லை. கரும்பு பெரும்பாலும் அந்தக் காய்ந்த மேற்கில்தான். வெட்டுக்கு முன் வெயில் காய்ந்தால்தான் கரும்பில் சர்க்கரை ஏறும். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய நம்மவர்கள் பலர் பாடுபட்டதும் அந்தத் தோட்டங்களில். 1997-98 எல் நினோவில் அதே கரும்பு கருகியது.

"சராசரிக்கு மேல் மழை பெய்ய 50 சதவீத வாய்ப்பு" என்கிறார்களே. இதற்குப் பூவா தலையா போடலாமே? (ஈரோடு)

நாணயத்துக்கு இரண்டு பக்கம்தான்; இங்கே மூன்று. பல ஆண்டு மழையை வரிசைப்படுத்தி குறைவு, சராசரி, அதிகம் என்று மூன்றாகப் பங்கு போடுகிறார்கள். ஒன்றுமே தெரியாதவர் சொன்னால் ஆளுக்கு 33. அது 50 ஆனால் கவனிக்க வேண்டிய சேதி. அதற்காக மீதி 50 செத்துவிடவில்லை. தீவு அரசுகள் இதை வைத்து, தொட்டித் தண்ணீருக்கு எப்போது ரேஷன் வைப்பது என்று யோசிக்கின்றன. நாம் அறிக்கையை வைத்து மீம் போடுகிறோம்.

இந்த மழை ஜாதகத்தை முதலில் எழுதியவர் யார்? (தஞ்சாவூர்)

கில்பர்ட் வாக்கர். பூமராங் வீசுவதில் பைத்தியமான ஆங்கிலேயக் கணிதக்காரர். 1904 முதல் இருபது ஆண்டுகள் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவர். நம் பருவமழையை முன்கூட்டியே சொல்ல உலகத்து எண்களையெல்லாம் கிளறினார். கிழக்குப் பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊஞ்சல் கையில் சிக்கியது. டஹிட்டிக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் இன்றும் அதற்கு அளவுகோல். பருவமழை மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை.

இன்னொரு புதையலும் தீவில்தான் கிடைத்தது. கிரிபாட்டியின் கேண்டன் தீவில் பறக்கவிட்ட பலூன்களின் பத்தாண்டுக் குறிப்புகளைப் புரட்டி, 40-50 நாளுக்கு ஒருமுறை வரும் காற்றலையை 1971-இல் மேடனும் ஜூலியனும் கண்டுபிடித்தார்கள். நம்மூர் வெதர்மேன்கள் வாய்க்கு வாய் சொல்லும் எம்ஜேஓ (மேடன்-ஜூலியன் அலைவு) அதுதான்.

கிரிபாட்டிக்குப் புயலே வராதாமே? அங்கே குடியேறலாமா? (கடலூர்)

உங்கள் ஊர்க்காரர் ஆசைப்படுவது நியாயம். நிலநடுக்கோட்டை ஒட்டி, பூமிச் சுழற்சியின் முறுக்கு புயலைச் சுழற்றப் போதாது. ஆனால் 2015-இல் பாம் புயல் வனுவாட்டுவைத் துவைத்தபோது, எழும்பிய அலை கிரிபாட்டிக் கரைவரை போய் ஏறியது.

மாமரம் அளவுக்கு மீறிக் காய்த்தால் புயல் வரும் என்று பசிபிக் தீவுகளில் நம்புகிறார்களாமே? (சேலம்)

நம்புகிறார்கள். சில தீவுகளின் வானிலைத் துறைகளே இப்படிப்பட்ட குறிகளைத் தொகுத்தும் வைக்கின்றன. தப்பில்லை. ஆனால் 2016 பிப்ரவரியில் ஃபிஜியைப் புரட்டி 44 உயிர்களைக் கொண்டுபோன வின்ஸ்டன் புயல் மாதிரி ஒன்று வரும்போது, நான் மாங்காயை எண்ண மாட்டேன், ரேடியோவைத்தான் கேட்பேன்.

எல் நினோ நமக்கு நண்பனா, எதிரியா? (சென்னை)

தென்மேற்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் எதிரி. வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் நண்பன். 2015 டிசம்பரில் நண்பர் வெள்ளமாய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். 2021-இல் லா நினாவிலும் கொட்டித் தீர்த்ததால், அந்தப் "பெரும்பாலும்" என்பதை அடிக்கோடிடவும்.

தேனிலவுக்கு ஃபிஜி. எந்த மாதம் போகலாம்? (திருப்பூர்)

மே முதல் அக்டோபருக்குள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். நாடிப் பக்கம் அறை எடுங்கள். சுவா போவதாக இருந்தால் குடை எடுங்கள். சின்னத் தீவு விடுதி என்றால் ஷவரை மூடிவிட்டுச் சோப்புப் போடுங்கள். அங்கே பல இடங்களில் வருவது தொட்டியில் பிடித்த மழைநீர்.