மகனின் ஐந்தாண்டுத் திட்டம்

1951-இல் ஆரம்பித்த ஐந்தாண்டுத் திட்டங்களை இந்திய அரசாங்கம் பன்னிரண்டோடு நிறுத்தி, 2017-இல் கையைக் கழுவிவிட்டது. இவ்வளவு பெரிய தேசமே 'அஞ்சு வருஷம் கழிச்சு என்ன?' என்ற கேள்வியிலிருந்து ஒதுங்கிக்கொண்ட பிறகு, அதற்கு இருபத்திரண்டு வயசுப் பையன் ஒரு பாராவில் பதில் எழுதித் தரவேண்டும் என்கின்றன அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். எம்.எஸ். விண்ணப்பத்தோடு வைக்கிற அந்தக் கட்டுரைக்கு எஸ்.ஓ.பி. என்று பெயர். என்ன படித்தாய், இந்தப் படிப்பு ஏன், எங்களிடம் ஏன், முடித்துவிட்டு என்ன செய்வதாக உத்தேசம்?

முதல் மூன்றையும் என் மகன் எழுதிவிட்டான். நாலாவதுக்கு வந்ததும் கீபோர்டு சத்தம் நின்றுபோயிற்று. "இதை எழுதணுமா, விட்டுடலாமா?" என்று கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டான். எங்கள் வீட்டில் பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் என் இலாகா.

எனக்குத் தகுதியும் உண்டு. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஊரார் எதிர்காலம் எல்லாம் முதிர்வுத் தேதியோடு என் மேஜைக்கு வரும். என் சொந்த எதிர்காலத்தைப் பற்றி ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறேன், எட்டாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையில். விமானி ஆவேன் என்று எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கினேன். இன்றுவரை மீனம்பாக்கத்துக்குப் போவது யாரையாவது வழியனுப்பத்தான்.

"எழுதாம எப்படி? யூனிவர்சிட்டிக்கு உன் ஆம்பிஷன் தெரிய வேணாமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். 2040-க்குள் உலகத்தின் முன்னணி நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறியாளராகி, பூமியிலிருந்து தண்ணீர்ப் பஞ்சத்தை ஒழிப்பேன்.

"பூமி பூராவுமாப்பா?"

"சரி, ஆசியான்னு போட்டுக்கோ."

தண்ணீருக்கும் அவனுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது குடத்தோடு லாரிக்கு ஓடிய பையன். பி.இ. சிவில் கடைசி வருஷ புராஜெக்டுக்கு எங்கள் தெருவின் மழைநீர் சேகரிப்புக் குழிகளை எடுத்துக்கொண்டான். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது வெட்டியவை. வீடு வீடாகப் போய் மூடியைத் தூக்கி, ஜல்லி எவ்வளவு, மணல் எவ்வளவு, சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டேப் வைத்து அளந்தான்.

எங்கள் வீட்டில் அளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அதிகாரி வந்து பார்த்தால் காட்டுவதற்காக நான் அப்போது வாங்கி மாட்டிய பி.வி.சி. குழாய், மொட்டை மாடியிலிருந்து கம்பீரமாக இறங்கி, ஸ்கூட்டர் நிறுத்தும் சிமென்ட் தரையில் வந்து முடியும். அவ்வளவுதான். புராஜெக்டின் அட்டவணையில் எங்கள் வீட்டுக்கு நேரே, 'குழாய் உண்டு. குழி இல்லை' என்று இருக்கிறது. எஸ்.ஓ.பி.யின் இரண்டாவது பாராவிலும் அதே வீடு, உதாரணமாக. ஒஹையோவிலும் அரிஸோனாவிலும் முன்பின் தெரியாத பேராசிரியர்கள் என்னை அறியப் போவது இப்படித்தான்.

இதற்கிடையில் நுங்கம்பாக்கத்தில் ஒரு கன்சல்டன்ட், பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதிரிக் கட்டுரை கொடுத்தார். சிறுவயது முதலே தண்ணீர் என்றால் எனக்குத் தீராத ஆர்வம் என்று அது ஆரம்பித்தது. மாதிரிகளின் கதை எனக்குத் தெரியும். 2007-இல் பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கவனிக்கும் யூகாஸ் அமைப்பு 50,000 விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்ததில், எட்டு வயதில் ரசாயனச் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டவர்கள் 234 பேர் கிடைத்தார்கள். இந்த அமோகமான தகவலை நான் சொன்ன பிறகும், கன்சல்டன்டுக்குக் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை.

கடைசி பாராவின் சிக்கல் வேறு. அதைக் கேட்பது பல்கலைக்கழகம் மட்டுமில்லை. வங்கியில் கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது, அதற்கப்புறம் பையன் டாலரில் சம்பாதிக்கிறானா என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. ஜெமினி மேம்பாலத்தடியில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கோ அவன் அங்கே தங்கிவிடக் கூடாது. அவர்களுடைய 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசா கேட்டு வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் வேலையை அவர் தலையிலேயே கட்டுகிறது. புது மருமகளைப் பார்க்கும் மாமியார்தான் அந்தச் சட்டத்தை எழுதியிருக்க வேண்டும். என் மனைவியோ சட்டம் எதையும் படிக்காமலேயே தூதரகத்தின் கட்சி. "முடிச்சுட்டு வந்துடுவேன்னு முதல் வரியிலயே எழுதச் சொல்லுங்க."

நிர்வாகத் திறமை உள்ள எவனும் செய்வதை நானும் செய்தேன். மூன்று ஃபைல் திறந்தேன். ஒன்றில் அங்கேயே வேலை, ஒன்றில் உடனே ஊர் திரும்பல், ஒன்றில் ஆசியா. எந்தக் கவுன்ட்டரில் எதை நீட்டுவது என்று ஒரு சீட்டும் ஒட்டினேன்.

மகன் மூன்றையும் படித்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே ஆள்தானேப்பா போறான்?" என்றான். அப்புறம் விவரம் சொன்னான். படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே 12 மாதம் வேலை பழகலாம், பொறியியல் வகைப் படிப்பு என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக் கேட்கலாம். கொஞ்ச காலம் அங்கே வேலை, பிறகு இங்கே என்று எழுதினால் அது எல்லாருக்கும் பொருந்துகிற உண்மை. மூன்று ஃபைல் தேவையில்லை.

அவன் சீனியர்களைக் கேட்டதில் தெரிந்தது இன்னொன்று. பேராசிரியர் யாரும் அந்தப் பாராவை பாண்டு பேப்பராக வைத்துக்கொண்டு 2040-இல் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. முன்னால் சொன்ன புராஜெக்டுக்கும், கேட்கிற பாடங்களுக்கும், பின்னால் செய்ய நினைக்கிற வேலைக்கும் ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிஎச்.டி.க்கு என்றால் ஆராய்ச்சி ஆசை கட்டாயம் தெரிய வேண்டும். எம்.எஸ்.ஸுக்கு, படித்துவிட்டு வேலைக்குப் போவேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எந்த நாற்காலி என்று சொல்லத் தெரியாவிட்டால், எந்தக் கேள்வியைத் துரத்தப் போகிறாய் என்று சொன்னால் போதும். தலைமைப் பொறியாளர் பதவியை என்னைத் தவிர யாரும் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் அவன் எழுதியது மூன்றே வாக்கியம். நகரத்து மழைநீர்க் குழிகள் சில வருஷத்தில் ஏன் அடைத்துக்கொள்கின்றன என்பதைப் படிக்க வேண்டும். அவற்றைச் சோதித்துப் பராமரிக்கும் வேலையில் அங்கே அனுபவம் பெற வேண்டும். பிறகு அதைச் சென்னை போன்ற ஊரில் செய்ய வேண்டும். ஆசியாவைப் பற்றி மூச்சே இல்லை. ஆனால் படித்தபோது, இந்தப் பையனை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கே தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்விகள் என் இலாகாவுக்கு வராமல் போய்விடும்.

மறுவாரம் வங்கிக்குப் போனோம். அவன் பதிலை அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினார். கடனுக்கு நான் கூட்டு விண்ணப்பதாரன்.

"சார் அறுபதுல ரிட்டயர் ஆயிடுவீங்க. அதுக்கப்புறம் என்ன பிளான்?"

பேனாவைத் திறந்தேன், மூடினேன். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தேன்.

"குழி வெட்டப் போறார் சார்," என்றான் மகன். "குழாய் ஏற்கெனவே ரெடி."