அடுத்த மாடல் அண்ணாச்சி

கேமரா வாங்கியவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர் பாட்டுக்கு மண்டபம் மண்டபமாக அலைகிறார், ஆல்பம் அடித்துக் கொடுக்கிறார், பாக்கிப் பணத்துக்காகப் பெண் வீட்டாரைத் துரத்துகிறார். எழுதத் தக்கவர் கேமரா வாங்கப் போகிறவர்தான். அதிலும், போட்டோத் தொழில் தொடங்க நல்லதாக ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர். தமிழ்நாட்டில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே ஒருவர் வாய்த்திருக்கிறார்.

தேட ஆரம்பித்த காலத்தில் அவர் எல்லாருக்கும் தம்பி. இப்போது காதோரம் நரைத்து அண்ணாச்சி ஆகிவிட்டார். வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் கூரியர் பையனுக்கு விளங்காது. ‘அடுத்த மாடல் அண்ணாச்சி’ என்றால் நேரே வாசலில் கொண்டுவந்து விடுவான்.

தொழிலுக்கு வேண்டிய மற்றதெல்லாம் தயார். கடைக்குப் பெயர் வைத்தாயிற்று. படத்தின் ஓரத்தில் போட வாட்டர்மார்க் தயார். போடப் படம்தான் இல்லை. கேண்டிட், ட்ரெடிஷனல், ப்ரீ வெட்டிங், வளைகாப்பு, காதுகுத்து என்று ஐந்தும் அச்சிட்ட விசிட்டிங் கார்டு உண்டு. அதில் முதலில் போட்டிருந்த கேமராச் சின்னம் தலையில் திமில் வைத்த பழைய டிஎஸ்எல்ஆர். மிரர்லெஸ் வந்ததும் அது காலாவதியாகிவிட்டதென்று ஆயிரம் கார்டைக் கட்டுக்கட்டாக மச்சில் ஏற்றிவிட்டு வேறு அடித்தார். ஒரு போட்டோகூட எடுக்காமல் தொழில்நுட்ப மாற்றத்தால் நஷ்டப்பட்ட ஒரே போட்டோகிராபர் இவராகத்தான் இருக்கும்.

அவருடைய வரலாற்றை ஆண்டுவாரியாகச் சொன்னால்தான் விளங்கும். 2012 மார்ச்சில் கேனான் 5டி மார்க் 3 வந்தது. அதுதான் என்று முடிவாயிற்று. வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னால் வாங்க வேண்டியது, ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போனது. செப்டம்பரில் அதே முழு ஃப்ரேம் சென்சாரோடு விலை குறைந்த 6டியை அறிவித்தார்கள். “பாத்தியளா? அவசரப்பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று தெருவையே கேட்டார். ஆனால் 6டியில் ஒரே ஒரு கார்டு ஸ்லாட். விட்டார். 2013இல் சோனி ஏ7 வந்தது, உள்ளே கண்ணாடி இல்லாமல். “இனி கண்ணாடி வச்ச கேமராவுக்குக் காலம் இல்ல” என்றார். அது சரிதான் என்று உலகம் பிறகு ஒப்புக்கொண்டது. கேனானும் நிக்கானும் என்ன செய்யப் போகின்றன என்று பார்த்துவிட்டு வாங்குவதாகத் திட்டம். அந்த இரண்டு கம்பெனிகளும் கண்ணாடியில்லா முழு ஃப்ரேமுக்கு 2018 வரை யோசித்தன. இவரும் கூடவே யோசித்தார்.

2018 அவருக்குச் சோதனையான வருடம். சோனி ஏ7 3, நிக்கான் இசட்6, கேனான் ஆர் மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்து இறங்கின. நிக்கானிலும் கேனானிலும் ஒற்றை ஸ்லாட். சோனியில் இரண்டு இருந்தது. ஆனால் “அந்த மெனுவுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியல” என்றார். 2020இல் கேனான் ஆர்6 இரட்டை ஸ்லாட்டோடு வந்தது: “இருபது மெகாபிக்சல்தானா?” அடுத்த வருடம் சோனி ஏ7 4 முப்பத்து மூன்றோடு வந்தது: “அம்புட்டுப் பெரிய ஃபைல எந்தக் கம்ப்யூட்டர் தொறக்கும்?” 2022 நவம்பரில் ஆர்6 மார்க் 2 வந்தது. இருபத்து நாலு மெகாபிக்சல், ரெண்டு ஸ்லாட். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. “மார்க் 2 வந்துட்டுன்னா மார்க் 3 தூரத்துல இல்ல” என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார்.

அவரை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. ரெண்டு ஸ்லாட் வேண்டும் என்று அவர் பிடிக்கிற பிடிவாதத்தில் முழு நியாயம் இருக்கிறது. ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவானால் ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். கார்டு கெட்டுப்போய்விட்டது, தாலியை இன்னொரு தடவை கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்கவா முடியும்? மண்டபத்து விளக்கில் படம் வரிவரியாக விழுவது ஏன் என்றும் அவருக்குத் தெரியும். நம் ஊர்க் கரண்டு 50 சைக்கிள். அதில் எரிகிற பல விளக்குகள் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கு வைத்தால் பட்டை மறையும். இதைப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் பாயசம் போய் மோர் வந்துவிட்டது.

வங்கிக் கடன் கதையும் உண்டு. 2015 ஏப்ரலில் முத்ரா திட்டம் தொடங்கியது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை ‘கிஷோர்’ என்ற பிரிவில் கொடுப்பார்கள். விண்ணப்பித்தார். மேலாளர் கொட்டேஷன் கேட்டார், கொடுத்தார். அடுத்த வாரமே போய், “சார், அதக் கிழிச்சுருங்க, புதுசு வந்திருக்கு” என்றார். இப்படி அந்தக் கோப்பு கனத்துக்கொண்டே போனது. கொஞ்ச காலத்தில் மேலாளரே, “அந்த நிக்கான்ல ஃபோகஸ் பாயிண்ட் எத்தனைன்னு சொன்னீங்க?” என்று கேட்கத் தொடங்கினார். மாற்றலாகிப் போகும்போது அவர் கழுத்தில் புதுக் கேமரா தொங்கியது. அண்ணாச்சி சிபாரிசு செய்த மாடல்தான். கடன் மட்டும் யாருக்கும் வழங்கப்படவில்லை.

2019 ஜனவரி முதல் தேதி டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது அவர் அடைந்த பெருமிதத்தைப் பார்த்திருக்க வேண்டும். காத்திருந்ததற்கு அரசாங்கமே பரிசு கொடுத்த மாதிரி. அதை வைத்து வாங்கியிருக்கலாம். குறைகிற வரி இன்னும் குறையாதா என்றுதான் அவருக்குத் தோன்றியது.

முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் கோடாக் கம்பெனி இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் செய்து முடித்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. நூறுக்கு நூறு புள்ளியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி. அந்த அறையில் அண்ணாச்சி இருந்திருந்தால் சாசனின் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்: “இப்ப எடுக்காதிய சார். கொஞ்சம் பொறுங்க.”

எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா இவருக்கு நேர் எதிர்த் துருவம். அவர் யாஷிகாவில் தொடங்கியவர். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பன்னிரண்டில் பெண் அழைப்பு, மாலை மாற்றல், தாலி, பாதபூஜை எல்லாம் அடங்க வேண்டும். யாராவது கண்ணை மூடினால் மூடினதுதான். அவரிடம் போய் அண்ணாச்சி ஒருநாள் ஆட்டோஃபோகஸைப் பற்றி விரிவாகப் பேசினார். ஓமப் புகை குறுக்கே வந்தாலும் புதுக் கேமரா மாப்பிள்ளை முகத்தை விடாதாம். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அது சரிடே. கெட்டிமேளம்னு சொன்ன ஒடனே பொண்ணோட தாய்மாமன் எந்திரிச்சி முன்னால வந்து நிப்பான். அவன நவுத்துறதுக்கு ஒன் கேமராவுல என்ன பட்டன் இருக்கு?”

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. போட்டோத் தொழில் முழுக்கவும் அந்தத் தாய்மாமனைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அவரை முறைத்துக்கொள்ளாமல் நகர்த்த வேண்டும். அய்யர் கை எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்து எதிர்ப் படியில் முட்டி போட வேண்டும். வீடியோக்காரனுடைய லைட் தன் படத்தைக் கெடுக்காமல் அவனோடு இட்லி சாப்பிட்டு நட்பாக இருக்க வேண்டும். அதன்பிறகு செலக்‌ஷன். நாலாயிரம் படத்தைக் கொடுத்து ஆல்பத்துக்கு இருநூறு எடுங்கள் என்றால், மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் சேர்ந்து எடுத்து முடிப்பதற்குள் குழந்தைக்கு மொட்டை போடும் படமும் சேர்ந்துவிடும். ஆல்பம் போனால்தான் பாக்கி வரும். இதில் எதற்கும் மெகாபிக்சலோடு சம்பந்தம் இல்லை.

இதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியாதா? அடுத்தவனுக்குச் சொல்லும்போது தெரியும். செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் அவரிடம் யோசனை கேட்க வந்தான். கையில் இருந்த பணம் ஒரு நல்ல பைக்குக்கும் காணாது.

“பாடிய செகண்ட் ஹேண்ட்ல எடு” என்றார் அண்ணாச்சி, ஒரு நொடி யோசிக்காமல். “ஷட்டர் கவுண்ட் எவ்ளோன்னு பாத்துக்க. 5டி மார்க் 3ன்னா கம்பெனிக்காரன் ஒன்றரை லட்சம் சொல்லுதான். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் கிளிக்குன்னு வச்சாலும் அம்பது கல்யாணம் தாங்கும்லா? ரெண்டு ஸ்லாட்டும் உண்டு. காச லென்ஸுல போடு. அம்பது, ஒன் பாயிண்ட் எட்டு வாங்கு, வெல கம்மி, இருட்டு மண்டபத்துல கண்ணுல வெளிச்சம் காட்டும். இருபத்தி நாலு எழுவத வாடகைக்கு எடு. ஃப்ளாஷ் ஒண்ணு. போ.”

இதைவிடத் தெளிவான யோசனையை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. பையன் கும்பிட்டுவிட்டு, நியாயமான ஒரு சந்தேகத்தையும் கேட்டான்: “நீங்க ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்யல?”

“எனக்கு அது செட்டாவாதுடே. நான் லாங் டேர்ம்ல யோசிக்கேன்.”

பையன் இன்று ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், ட்ரோன் ஓட்டத் தனி ஆள். அவனைப் போல இந்த வட்டாரத்தில் பல பேர் அண்ணாச்சியின் வாக்கால் தொழில் தொடங்கியவர்கள். அவர்கள் எடுக்கிற கல்யாணங்களுக்கு அவர் மொய் எழுதப் போவார். போனால் மணமேடையைப் பார்க்க மாட்டார், போட்டோகிராபரைப் பார்ப்பார். மறுநாள் அவரிடம் “பொண்ணு எப்படி?” என்று கேட்டால், “எழுவது எரநூறு போட்டிருந்தான்” என்பார்.

போன ஆவணியில் அவருக்கே கல்யாணம் கூடியது. பெண் பார்க்க நாங்களும் போயிருந்தோம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு கேமராவை முடிவு செய்யாத மனிதர், தட்டில் இருந்த ரெண்டு பஜ்ஜியைத் தின்று முடிப்பதற்குள் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த மாடலைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

போட்டோவுக்கு யார் என்பதில்தான் தகராறு. சிஷ்யன்கள் அத்தனை பேரும் இலவசமாக எடுத்துத் தருவதாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவனிடமும் என்ன பாடி, என்ன லென்ஸ் என்று விசாரணை நடத்தினார். கடைசியில் அந்த ரீசார்ஜ் பையனே எடுப்பதென்று மாமா தலையிட்டுத் தீர்த்துவைத்தார். பையன் குருவின் கல்யாணத்துக்கென்றே யாருக்கும் சொல்லாமல் புதுக் கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தான். மாடல் பெயர் தெரியாமல் இருக்க முன்னால் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். இந்தக் காரியத்தை ஒரு மனிதருக்கு அவருடைய முகூர்த்த நாளில் செய்திருக்கக் கூடாது.

ஆல்பம் வந்ததும் பார்த்தேன். அருமையான வேலை, ஒரு படத்திலும் குறை சொல்ல முடியாது. மாலை மாற்றும்போது அண்ணாச்சி கேமராவைப் பார்க்கிறார். தாலி கட்டும்போது, மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட, இவர் கழுத்தை நீட்டிக் கேமராவைப் பார்க்கிறார். அம்மி மிதிக்கையில் பெண்ணின் காலைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கிறார். அருந்ததி பார்க்க ஆள்காட்டி விரல் வானத்தில் இருக்கிறது, கண் அந்தக் கறுப்பு டேப்பில் இருக்கிறது. கேண்டிட் ஆல்பம் என்று மேலே தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவர் மனைவி ஆல்பத்தை முன்னும் பின்னும் ரெண்டு தடவை புரட்டினார். “இதுல ஒரு படத்துலயாவது என்னப் பாத்திருக்கியளா?” என்று கேட்டார்.

அண்ணாச்சி தாலி கட்டுகிற பக்கத்தை விரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“நான் பாக்காட்டா என்ன, கேமரா ஒன் கண்ணத்தான பாத்திருக்கு? அந்தப் புகையிலயும் ஒரு இமை முடி விடாம புடிச்சிருக்கு பாரு. இது என்ன மாடல்னு அவன்கிட்டக் கேட்டுச் சொல்லு, நீ கேட்டா சொல்லுவான்.”